விற்பனை இயந்திரம் வைக்க ஒரே உரிமம் போதுமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 43. மணலியில் ஒரு தனியார் தொழிற்சாலையில் ஷிஃப்ட் மேற்பார்வையாளராக இருக்கிறார். மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். மகள் கல்லூரிக்குப் போகும் ஆண்டு இது. வேலையை விடாமல் இன்னொரு வருமானத்துக்கு வழி தேடியவர், ஒரு கண்காட்சியில் பார்த்த தானியங்கி விற்பனை இயந்திரங்களில் மூன்றை வாங்க முடிவு செய்திருக்கிறார். இயந்திரம் ஒன்றின் விலை 2,40,000 ரூபாய், வரி தனி. சீட்டு எடுத்த பணமும் வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுக்கவிருக்கும் முன்பணமும்தான் முதல். ஒவ்வொரு இயந்திரத்திலும் நாளொன்றுக்கு 2,500 ரூபாய் விற்பனையாகும் என்றும், 35,000 ரூபாய் கொடுத்தால் 'ஆயுட்கால வெண்டிங் லைசென்ஸ்' தாங்களே எடுத்துத் தருவதாகவும், அது ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்றும் இயந்திரம் விற்பவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்று இடங்களையும் அவர் பார்த்து வைத்திருக்கிறார். முதலாவது, பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்கேன் மையத்தின் காத்திருப்புக் கூடம். இரண்டாவது, தன் வீட்டு வாசலை ஒட்டிய நடைபாதை. எதிரிலேயே ஒரு மேல்நிலைப் பள்ளி. மூன்றாவது, மணலியில் லாரி ஓட்டுநர்கள் தங்கும் கொட்டகை. அங்கே வைக்க நினைப்பது தேநீரும் தரும் இயந்திரம். அவருடைய கேள்விகள் இவை: அந்த ஒரே உரிமம் போதுமா? பணமெல்லாம் யுபிஐ மூலம் சொந்த வங்கிக் கணக்குக்கு வருவதாலும், ஒவ்வொரு இயந்திரத்தின் விற்பனையும் தனித்தனியே குறைவு என்பதாலும் ஜிஎஸ்டி தேவையில்லைதானே? மின்சாரச் செலவுக்காக 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலை 25 ரூபாய்க்கு விற்கலாமா? தெருவோர வியாபாரி அட்டை வாங்கினால் நடைபாதையில் வைக்க முடியுமா? ஸ்கேன் மையத்தில் பாராசிட்டமால் மாத்திரையும் சானிட்டரி நாப்கினும் சேர்த்து வைக்கலாமா? கடைசியாக, எல்லாவற்றையும் மனைவி பெயரில் செய்துகொள்ளலாமா?

அன்புள்ள வாசகருக்கு,

முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுதியிருக்கிறீர்கள். அதுவே பாதி வேலை முடிந்தது போல. என்னிடம் இந்தத் தொழில் தொடர்பாக வருபவர்களில் பெரும்பாலோர் இயந்திரத்தை இறக்கிவைத்து, நோட்டீஸும் வந்த பிறகுதான் வருகிறார்கள்.

உங்கள் எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் ஒரே எண்ணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: இயந்திரம் என்பது ஏதோ புதிய வகைப் பொருள், அதற்கென்று தனியாக ஒரு சட்டமும் தனியாக ஒரு உரிமமும் இருக்கும் என்ற எண்ணம். அப்படி எதுவும் கிடையாது. சட்டத்தின் பார்வையில் நீங்கள் வைக்கப்போவது, உள்ளே ஆள் உட்காராத ஒரு பெட்டிக்கடை. அதற்குக் கடைக்காரர் நீங்கள். பெட்டிக்கடைக்காரரிடம் எந்தத் துறை எதைக் கேட்குமோ, அதை அந்தந்தத் துறை உங்களிடமும் கேட்கும். அதனால் 'வெண்டிங் லைசென்ஸ்' என்ற பெயரில் எந்தத் துறையும் ஓர் உரிமம் தருவதில்லை. 35,000 ரூபாய்க்கு அவர்கள் எதை எடுத்துத் தரப்போகிறார்கள், எந்தத் துறையில், எந்தப் பிரிவின் கீழ், யார் பெயரில், எந்த முகவரிக்கு என்று எழுத்துமூலம் கேளுங்கள். என் அனுபவத்தில் இப்படிப்பட்ட தொகுப்புகளில் உணவுப் பாதுகாப்புப் பதிவும், சிறுதொழில்களுக்கான, கட்டணமே இல்லாத உத்யம் பதிவும்தான் இருக்கும். உணவு உரிமம் பற்றிய 2011 விதிமுறைகள் வந்தபோது சிறு உணவு வணிகப் பதிவுக்கு வைத்த அரசுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

உணவு உரிமம்: பொருளுக்கு இருப்பது உங்களுக்கு ஆகாது

பிஸ்கட் பாக்கெட்டில் ஏற்கெனவே எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் அச்சிடப்பட்டிருக்கிறதே, நான் ஏன் தனியாக வாங்க வேண்டும் என்று கடிதத்தில் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். அந்த எண் தயாரித்தவருடையது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 31ஆவது பிரிவு, தயாரிப்பவர், சேமிப்பவர், விற்பவர் என்று உணவு வணிகத்தில் ஈடுபடும் ஒவ்வொருவரும் தமக்கான உரிமம் அல்லது பதிவு பெற வேண்டும் என்கிறது. ஸ்கேன் மையத்தின் உரிமையாளருக்கும் இதில் பங்கில்லை. இயந்திரத்துக்குள் சரக்கு நிரப்பி விற்பவர் நீங்கள்.

பதிவா, உரிமமா என்பது விற்றுமுதலைப் பொறுத்தது. 2011 விதிமுறைகள் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை பதிவு என்றும், அதற்கு மேல் மாநில உரிமம் என்றும் எல்லை வகுத்தன. இந்த எல்லைகளை அவ்வப்போது திருத்துகிறார்கள் என்பதால், விண்ணப்பிக்கும் நாளில், உணவு உரிமங்களுக்கான ஃபாஸ்காஸ் இணையதளத்தில் உள்ள வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். விற்பனையாளர் சொன்ன கணக்கையே எடுத்துக்கொண்டால், ஒரு இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 9,12,500 ரூபாய், மூன்றுக்கும் சேர்த்து 27,37,500 ரூபாய். இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி பற்றிப் பேசும்போது மறுபடியும் வரும்.

மூன்று இடங்களுக்கும் மூன்று விண்ணப்பமா என்பது அடுத்த கேள்வி. 31ஆவது பிரிவின் 6ஆவது உட்பிரிவு, ஒரே பகுதிக்குள் உள்ள வெவ்வேறு இடங்களுக்கு நியமன அலுவலர் (உணவுப் பாதுகாப்புத் துறையில் உரிமம் வழங்கும் மாவட்ட அதிகாரி) ஒரே உரிமம் வழங்கலாம் என்கிறது. 7ஆவது உட்பிரிவு, பகுதி மாறினால் தனி விண்ணப்பமும் தனி உரிமமும் வேண்டும் என்கிறது. உங்கள் மூன்று இடங்களும் சென்னை மாவட்டத்துக்குள்ளேயே வருகின்றன. நாளைக்கு மீஞ்சூரிலோ அத்திப்பட்டிலோ நான்காவது இயந்திரம் வைத்தால் அது திருவள்ளூர் மாவட்டம். அங்கே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். என் யோசனை, மூன்று முகவரிகளையும், சரக்கை இருப்பு வைக்கப்போகும் உங்கள் வீட்டு அறையையும் சேர்த்து, ஒரே உரிமமாகக் கேட்டு நியமன அலுவலருக்கு ஒரு மனு கொடுப்பது. இருப்பு அறையை மறந்துவிடுபவர்கள் அதிகம். சட்டம் 'சேமிக்கும் இடம்' என்று சொல்லியே எழுதியிருக்கிறது. ஆய்வுக்கு வருபவர் முதலில் பார்ப்பதும் பெரும்பாலும் அந்த அறையைத்தான்.

உரிமம் கையில் வந்த பிறகுதான் உண்மையான பொறுப்பு தொடங்குகிறது. அதே சட்டத்தின் 27ஆவது பிரிவின் 3ஆவது உட்பிரிவு, விற்பவர் எதற்கெல்லாம் பொறுப்பாவார் என்று பட்டியலிடுகிறது. காலாவதியான பொருளை விற்பது, சுகாதாரமற்ற நிலையில் வைத்திருப்பது ஆகியவற்றோடு, யாரிடமிருந்து வாங்கினோம் என்று காட்ட முடியாமல் போவதும் அதில் ஒன்று. கடைசியாகச் சொன்னதுதான் இயந்திரம் வைத்திருப்பவர்களைப் பிடிக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் மாணவர் விடுதியில் இயந்திரம் வைத்திருந்த ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். ஞாயிறு இரவு ஐந்து மணி நேரம் மின்சாரம் இல்லை. திங்கள் காலை மின்சாரம் திரும்ப வந்து, இயந்திரம் எதுவுமே நடக்காதது போலக் குளிரத் தொடங்கிவிட்டது. உள்ளே கெட்டுப்போன பாலைக் குடித்த இரண்டு மாணவர்களுக்கு வாந்தி. உணவுப் பாதுகாப்பு அலுவலர் கொள்முதல் ரசீதைக் கேட்டபோது அவரிடம் இருந்தது நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தைக் கிழித்து எழுதிய ஒரு துண்டுச் சீட்டு: 'பால் 24, மோர் 24', கீழே ஒரு தொகை. கடையின் பெயர் இல்லை, தேதி இல்லை. அந்தச் சீட்டை என் மேசை மீது வைத்துவிட்டு, அதை மடித்தும் பிரித்தும் பார்த்துக்கொண்டே இருந்தார். பால் வரும்போதே கெட்டிருந்ததா என்று வாதாடக்கூட வழியில்லாமல், பழி முழுவதும் அவர் தலையில் விழுந்தது.

ஆகவே மொத்த விற்பனையாளரிடம் முறையான ரசீது இல்லாமல் ஒரு பாக்கெட்டும் வாங்காதீர்கள். குளிர்ப் பொருள் வைப்பதாக இருந்தால், வெப்பநிலை ஏறினால் உடனே கைபேசிக்குச் செய்தி அனுப்பி, விற்பனையைத் தானாகவே நிறுத்தும் வசதியுள்ள இயந்திரத்தை மட்டும் வாங்குங்கள். உரிம எண்ணையும் உங்கள் கைபேசி எண்ணையும் இயந்திரத்தின் முகப்பில் ஒட்டுங்கள். ரசீதில் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம்.

மூன்று இடங்கள்

ஸ்கேன் மையம்தான் மூன்றிலும் நல்ல இடம். ஆனால் மையத்தின் உரிமையாளருடன் வாய்மொழியாகப் பேசி வைத்திருக்கிறீர்கள், அது போதாது. இயந்திரம் உங்கள் உடைமை, அது கட்டடத்தின் பகுதியாகக் கருதப்படாது, சரக்கு நிரப்ப எந்த நேரத்தில் உள்ளே வரலாம், மின்சாரத்துக்கு மாதம் எவ்வளவு, விலகுவதாக இருந்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பனவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஆவணத்தை வாடகை ஒப்பந்தமாக எழுதாமல், 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்லும் அனுமதி ஒப்பந்தமாக எழுதினால் இரு தரப்புக்கும் நல்லது. நீங்கள் வாடகைதாரர் உரிமை கோருவீர்களோ என்ற பயம் அவருக்கு இருக்காது. உங்களுக்கும், அவருடைய கடன்காரர்கள் யாராவது வந்தால் இயந்திரம் யாருடையது என்பதற்குச் சான்று இருக்கும்.

மருந்து வேண்டவே வேண்டாம். 'பாராசிட்டமால் பெட்டிக்கடையிலேயே கிடைக்கிறதே' என்று எழுதியிருக்கிறீர்கள். கிடைப்பது வேறு, சட்டம் அனுமதிப்பது வேறு. மருந்து விதிகளின் 'கே' அட்டவணை, வீட்டு உபயோக மருந்துகள் சிலவற்றை உரிமம் இல்லாமல் விற்க விலக்குத் தருவது உண்மைதான். ஆனால் அந்த விலக்கு 1,000 பேருக்கு மேற்படாத மக்கள்தொகை கொண்ட கிராமங்களுக்கானது. வண்ணாரப்பேட்டையில் ஒரு தெருவுக்குள்ளேயே அத்தனை பேர் இருப்பார்கள். சானிட்டரி நாப்கின் தாராளமாக வைக்கலாம். 2018 ஜூலை முதல் அதற்கு ஜிஎஸ்டி இல்லை. ஸ்கேன் மையத்துக்கு வரும் பெண்களுக்கு அது உண்மையான உதவி. உங்கள் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த பொருளும் அதுதான்.

உங்கள் வீட்டு வாசல் இடத்தைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நடைபாதை மாநகராட்சியுடையது, உங்கள் சுவரை ஒட்டியிருப்பதால் அது உங்களுடையது ஆகிவிடாது. தெருவோர வியாபாரி அட்டை இதற்கு உதவாது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், வேறு பிழைப்பு இல்லாத எளியவர்களைக் காப்பாற்ற வந்தது. சான்றிதழ் கேட்பவர், தாமோ தம் குடும்பத்தினரோ நேரில் நின்று வியாபாரம் செய்வதாகவும், வேறு வாழ்வாதாரம் இல்லை என்றும், அந்த இடத்தை யாருக்கும் வாடகைக்கு விடமாட்டேன் என்றும் உறுதிமொழி தர வேண்டும் என்று அதன் 5ஆவது பிரிவு சொல்கிறது. மாதச் சம்பளம் வாங்கும் நீங்கள் அந்த உறுதிமொழியில் கையெழுத்திட்டால் அது பொய் உறுதிமொழி. அதோடு, காலையில் கூடை வைத்து இட்லி விற்கும் ஒரு அம்மாவுக்குக் கிடைக்க வேண்டிய இடத்தை அது எடுத்துக்கொள்ளும். இதை நீங்கள் விரும்பமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

வாசற்கதவுக்கு உள்ளே, உங்கள் சொந்த மனைக்குள் வைக்கலாம். அங்கும் இரண்டு தடைகளைக் கவனியுங்கள். முதலாவது பள்ளி. பள்ளிக் குழந்தைகளுக்கான பாதுகாப்பான உணவு பற்றிய 2020 விதிமுறைகளின்படி, கொழுப்பு, சர்க்கரை, உப்பு ஆகியவை மிகுந்த உணவுப் பொருட்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளியிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் பள்ளிக் குழந்தைகளுக்கு விற்கக் கூடாது. உங்கள் வீடு எதிர்ச்சாரியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். டேப் பிடித்து அளந்தால் 50 மீட்டருக்குள்தான் வரும். வாங்குபவர் குழந்தையா பெரியவரா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. ஆகவே அங்கே சிப்ஸும் சர்க்கரைப் பானங்களும் வைக்க முடியாது. தண்ணீர், உப்பு சேர்க்காத வறுகடலை போன்றவை போக மிஞ்சுவது குறைவு. அவற்றை மட்டும் வைத்து நாளுக்கு 2,500 ரூபாய் விற்பனை வருமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது தடை மின்சாரம். வீட்டு இணைப்பிலிருந்து ஒரு ஒயர் இழுத்துவிடலாம் என்பது உங்கள் திட்டம். வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய இணைப்பை வணிகத்துக்குப் பயன்படுத்துவது 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு. கண்டுபிடித்தால் உரிய கட்டணத்தைப் போல் இருமடங்கு விதிப்பார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் கடந்த 12 மாதங்களுக்கும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். இருபத்து நான்கு மணி நேரமும் குளிரூட்டும் இயந்திரத்துக்கு இது சிறிய தொகையாக இருக்காது. வணிக இணைப்பு தனியாக வாங்குங்கள். ஸ்கேன் மையத்துக்கு வணிக இணைப்பு ஏற்கெனவே இருக்கும்; கொட்டகையில் என்ன இணைப்பு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மணலிக் கொட்டகையில் தேநீர் நன்றாகப் போகும். ஆனால் கோப்பையைக் கவனியுங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் பொருட்களின் பட்டியலில் பிளாஸ்டிக் கோப்பை மட்டுமல்ல, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் உண்டு. இயந்திரத்தோடு 'இலவசமாக' வரும் கோப்பைகளில் ஒன்றை எடுத்து உட்பக்கத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். மெல்லிய தோல் போல உரிந்து வந்தால் அது தடை செய்யப்பட்ட வகை. ஓட்டுநர்கள் தங்கள் டம்ளரையே கொண்டுவரும் வழக்கம் அங்கே இருந்தால் மிக நல்லது. கோயம்பேட்டில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே ஊரில் நம் இயந்திரம் தடை செய்த கோப்பையைத் தள்ளிக்கொண்டிருக்கக் கூடாது. இன்னொன்று, அந்தப் பகுதி மழைநீர் தேங்கும் பகுதி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் தண்ணீர் எந்த உயரத்துக்கு நின்றது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இயந்திரத்தை மேடை கட்டி வையுங்கள். காப்பீட்டுப் பத்திரத்தில் வெள்ளச் சேதம் சேர்ந்திருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். கொட்டகையை நடத்துபவர் உங்கள் தொழிற்சாலையின் ஒப்பந்தக்காரராக இருந்தால், முதலாளியிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிய பிறகே தொடங்குங்கள். வேலைக்கு ஆபத்து வரும்படி எதையும் செய்யாதீர்கள்.

மாநகராட்சித் தொழில் உரிமம் இடத்துக்கு இடம் தனி. 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டத்தின் இடத்தில் இப்போது 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023 விதிகளும் நடைமுறையில் உள்ளன. ஸ்கேன் மையம் வைத்திருக்கும் உரிமம் அதனுடைய தொழிலுக்கானது; உங்கள் விற்பனைக்கு அது செல்லாது. மணலி 2ஆவது மண்டலம், தண்டையார்பேட்டை 4ஆவது மண்டலம் என்பதால் ஒரே அலுவலகத்தில் வேலை முடியாது. அந்தந்த மண்டல அலுவலகத்தில் இயந்திரத்தின் படம், நீள அகலம், விற்கும் பொருட்களின் பட்டியல் ஆகியவற்றோடு மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தொழில் வரியும் அங்கேயே கட்ட வேண்டியிருக்கும். அரசியலமைப்பின்படி அது ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்ட முடியாது.

ஜிஎஸ்டி: இயந்திரத்துக்கு அல்ல, பான் எண்ணுக்கு

இங்கேதான் உங்கள் கணக்கு அடிப்படையிலேயே தவறுகிறது. உணவுச் சட்டம் இடத்தைப் பார்க்கிறது. ஜிஎஸ்டி சட்டம் பான் எண்ணைப் பார்க்கிறது. ஒரே பான் எண்ணில் நடக்கும் எல்லா விற்பனையையும், வரிவிலக்கு உள்ள நாப்கின் விற்பனையையும்கூட, கூட்டித்தான் விற்றுமுதல் கணக்கிடுவார்கள். ஆகவே உங்கள் எண் 9,12,500 அல்ல, 27,37,500.

பொருட்களை மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் பதிவு வரம்பு 40 லட்சம். சேவை வழங்குபவருக்கு 20 லட்சம். பாக்கெட்டுப் பொருட்கள் மட்டும் விற்றால் நீங்கள் 40 லட்சத்துக்குள் இருக்கிறீர்கள், பதிவு தேவையில்லை. ஆனால் உங்கள் திட்டத்தில் இரண்டு விஷயங்கள் 'மட்டும்' என்ற சொல்லை உடைக்கின்றன. ஒன்று தேநீர். உணவோ பானமோ தயாரித்து வழங்குவதைச் சேவையாகக் கொள்ளும் விதி ஜிஎஸ்டி சட்டத்தின் 2ஆவது அட்டவணையில் இருக்கிறது. இயந்திரம் ஊற்றும் தேநீர் பொருளா, சேவையா என்று வாதாட இடமிருக்கலாம். ஆனால் வாதாடிச் செலவழிக்கும் நிலையில் நீங்கள் இல்லை. இன்னொன்று, இயந்திரத்தின் பக்கவாட்டில் பக்கத்துத் துணிக்கடையின் விளம்பரத்தை ஒட்டி மாதம் 1,000 ரூபாய் வாங்கலாம் என்ற உங்கள் யோசனை. அது சந்தேகத்துக்கு இடமில்லாத சேவை. அந்த ஆயிரத்துக்காக உங்கள் வரம்பு 40 லட்சத்திலிருந்து 20 லட்சத்துக்கு இறங்கிவிடும்.

யுபிஐ பணம் சொந்தக் கணக்குக்கு வந்தால் யாருக்கும் தெரியாது என்பதும் சரியல்ல. கைமாறும் ரொக்கத்தைவிட யுபிஐ வரவுக்குத்தான் தெளிவான தடம் உண்டு. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவுகளை வைத்தே ஆயிரக்கணக்கான சிறு வணிகர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. சொந்தக் கணக்கில் சம்பளம், சீட்டுப் பணம், தங்கை திருப்பித் தந்த கடன், இயந்திர விற்பனை எல்லாம் கலந்து கிடந்தால், எது விற்பனை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் மீது வரும். வியாபாரத்துக்குத் தனியாக ஒரு நடப்புக் கணக்கு தொடங்குங்கள்.

தேநீர் வைப்பதாக இருந்தால் பதிவு செய்துகொள்ளுங்கள். அதையும் இயந்திரம் வாங்குவதற்கு முன்பே செய்யுங்கள். காரணம் இது. மூன்று இயந்திரங்களின் விலை 7,20,000 ரூபாய்க்கு 18 சதவீத வரி 1,29,600 ரூபாய். பதிவு பெற்ற பிறகு வாங்கினால் இந்தத் தொகையை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, விற்பனை மீது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு வரம்பைத் தாண்டியதால் பதிவு செய்தால், 18ஆவது பிரிவு கையிருப்புச் சரக்குக்கு மட்டுமே வரவு தருகிறது. இயந்திரம் போன்ற மூலதனப் பொருளுக்குத் தருவதில்லை. ஒரு மாதம் முன்னே பின்னே நடப்பதில் ஒரு லட்சத்துக்கும் மேல் போய்விடும். இதற்கு நேர்மாறாக, பாக்கெட்டு வணிகர் விற்றுமுதலில் 1 சதவீதம் கட்டும் இணக்க முறையை (காம்போசிஷன்) தேர்ந்தெடுத்தால் கணக்கு வேலை குறையும். ஆனால் இயந்திரத்துக்கான வரவு அறவே கிடையாது. வழக்கமான பதிவில், பதிவு பெறாத உரிமையாளருக்குக் கொடுக்கும் இட வாடகைக்கு 2024 அக்டோபர் 10 முதல் நீங்களே வரி கட்டி, நீங்களே வரவு எடுக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சாக்லேட், காரவகைகள், தண்ணீர் பாட்டில் ஆகியவற்றுக்கு 5 சதவீதமும் சர்க்கரை சேர்த்த குளிர்பானங்களுக்கு 40 சதவீதமும் என்று விகிதங்கள் மாறியிருக்கின்றன. பழைய விகிதம் ஏற்றப்பட்ட மென்பொருளோடு இயந்திரத்தைத் தள்ளிவிடுகிறார்களா என்று பாருங்கள். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பில் அடிக்கத் தேவையில்லை. 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்கு, வாங்குபவர் பதிவு பெறாதவராக இருந்து பில் கேட்காவிட்டால், நாள் முடிவில் அன்றைய மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே விலைப்பட்டியல் போதும்.

வருமான வரியைப் பொறுத்தவரை உங்களுக்கு நல்ல செய்தி. 44ஏடி என்று வணிகர்கள் பேச்சில் வழங்கும் அனுமான வருமான முறையில், ரொக்க விற்பனைக்கு 8 சதவீதமும் யுபிஐ போன்ற மின்னணு வழி விற்பனைக்கு 6 சதவீதமும் இலாபமாகக் காட்டினால் விரிவான கணக்கேடுகள் தேவையில்லை. அது சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும்.

20 ரூபாய் பாட்டில் 20 ரூபாய்தான்

'தியேட்டரிலும் ஓட்டலிலும் அதிக விலைக்கு விற்கிறார்களே' என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டலைப் பொறுத்தவரை 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு தீர்ப்புத் தந்தது. உட்காரும் இடம், பரிமாறுதல், சூழல் எல்லாம் சேர்ந்த சேவையில் தண்ணீர் பாட்டில் ஒரு பகுதி என்பது அதன் அடிப்படை. உங்கள் இயந்திரத்தில் நாற்காலியும் இல்லை, பரிமாறுபவரும் இல்லை. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின் 18ஆவது விதி, அச்சிட்ட விலைக்கு மேல் சில்லறை விற்பனை செய்யக் கூடாது என்கிறது. 'வசதிக் கட்டணம்' என்று வேறு பெயர் வைத்தாலும் அதே குற்றம்தான். தமிழ்நாட்டில் இதைக் கண்காணிப்பது தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு. மற்ற கடைகளில் சாட்சி வேண்டும். இங்கே உங்கள் யுபிஐ ரசீதே 25 ரூபாய் வாங்கியதற்குச் சாட்சி. மின்சாரச் செலவை மொத்த விலைக்கும் அச்சிட்ட விலைக்கும் இடையே உள்ள இலாபத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அப்படிப் போட்டுப் பார்த்துக் கட்டுப்படியாகாவிட்டால் அந்தப் பொருளை வைக்காதீர்கள்.

பணம் போய்ப் பாக்கெட் விழாமல் சிக்கிக்கொண்டால் அது சேவைக் குறைபாடு. முகப்பில் உள்ள எண்ணுக்கு அழைத்தால் அன்றே பணத்தைத் திருப்பி அனுப்பும் ஏற்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். லாரி ஓட்டுநருக்கு அந்த 20 ரூபாய் சின்னத் தொகை இல்லை.

யார் பெயரில்?

மனைவி பெயரில் செய்வதில் தவறில்லை. பெயருக்கு மட்டும் மனைவியை வைப்பதில்தான் சிக்கல். உங்கள் பணத்தில் வாங்கிய இயந்திரத்தை விலையில்லாமல் அவர் பெயருக்குக் கொடுத்தால், அதிலிருந்து வரும் வருமானம் வரிச் சட்டப்படி உங்கள் வருமானத்தோடுதான் சேரும். இரண்டு இயந்திரம் உங்கள் பெயரில், ஒன்று அவர் பெயரில் என்று ஜிஎஸ்டி வரம்புக்காகப் பிரித்தால், சரக்கும் கணக்கும் ஆளும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து ஒரே வணிகம் என்று துறை சொல்லும்.

நீங்கள் ஷிஃப்டில் இருக்கும் நேரத்தில் சரக்கு நிரப்பப்போவது அவர்தான் என்று கடிதத்திலேயே சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் உண்மையிலேயே அவர்தான் இந்தக் கடைக்குக் கடைக்காரர். நீங்கள் தரும் மூலதனத்தை எழுத்துப்பூர்வமான கடனாக, வங்கி மூலம் கொடுங்கள். உணவு உரிமம், தொழில் உரிமம், ஜிஎஸ்டி, நடப்புக் கணக்கு, இடத்துக்கான ஒப்பந்தம், இயந்திரத்தின் விலைப்பட்டியல் ஆறும் அவர் ஒருவர் பெயரிலேயே, ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கட்டும். இதில் கையெழுத்திடப்போவதும் ஆய்வுக்கு வருபவருக்குப் பதில் சொல்லப்போவதும் அவர் என்பதால், இந்தப் பதிலை அவரும் வாசித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

என்னைக் கேட்டால், முதலில் ஸ்கேன் மையத்தில் ஒரே ஒரு இயந்திரம், குளிர்ப் பொருள் குறைவாக, தேநீர் இல்லாமல். ஆறு மாதம் விற்பனையைக் குறித்துக்கொண்டே வாருங்கள். நாளுக்கு 2,500 ரூபாய் என்பது விற்பவரின் எண். உங்கள் எண் என்ன என்று அப்போது தெரியும். அதன் பிறகு மணலி. வீட்டு வாசல் இடத்தை, பள்ளி எதிரில் இருக்கும்வரை, மறந்துவிடுங்கள். ஒரு இயந்திரம் மட்டும் என்றால் ஜிஎஸ்டி பதிவு இப்போது கட்டாயமில்லை. மணலித் தேநீர் இயந்திரத்தை உறுதியாக வாங்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் முதல் இயந்திரத்துக்கு முன்பே பதிவு செய்யுங்கள். மெட்ரோ நிலையத்தில் இடம் வாங்கித் தருவதாகச் சொன்ன தரகருக்கு ஒரு ரூபாயும் தராதீர்கள். மெட்ரோவிலும் ரயில் நிலையத்திலும் இடம் டெண்டர் வழியாகத்தான் கிடைக்கும், அந்த அறிவிப்பு எல்லோருக்கும் பொதுவாகவே வெளியாகும்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது இரண்டே வேலைகள். ஸ்கேன் மைய உரிமையாளரிடம் ஒப்பந்தத்தின் வரைவைக் கொடுத்து அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். நியமன அலுவலர் அலுவலகத்தில் முகவரிகளோடு மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். இவ்விரண்டும் கைக்கு வரும்வரை, நீங்கள் நகல் இணைத்திருக்கும் அந்த முன்பணப் படிவத்தில் 'வாங்குபவர் பெயர்' என்ற கட்டம் காலியாகவே இருக்கட்டும்.